இலந்தைக் கொப்பில் ஒரு மோதிரம்: புத்தூரில் தொடங்கி வரணிக்குப் போன ஒரு காட்டுப் பட்டுவிட்டில் ஆய்வு

புத்தூரில் எங்கள் வளவுக்குப் பின்னால் புகையிலைத் தோட்டம் செய்கிற அண்ணை, ஐப்பசி நடுவில் ஒரு பின்னேரம், உள்ளங்கையை மூடியபடி படலையைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"மாஸ்டர், இது காயோ முட்டையோ எண்டு ஒருக்காப் பாருங்கோ. குழைக்குள்ள கிடந்தது."

கையைத் திறந்தார். காடை முட்டையைவிடச் சற்று நீளமான ஒரு பொருள். சாம்பலும் மண்ணிறமும் கலந்த நிறம். நகத்தால் அழுத்தினேன், அமுங்கவில்லை. ஒரு முனையிலிருந்து கறுத்த கம்பி மாதிரி ஒரு காம்பு நீண்டிருந்தது. அந்தக் காம்பின் நுனி ஒரு வளையமாகி, பென்சில் பருமனான சுள்ளி ஒன்றை மோதிரம் போலச் சுற்றிப் பிடித்திருந்தது. சுள்ளியில் இரண்டு காய்ந்த இலைகளும் இருந்தன. கூட்டின் நீளம் 41 மில்லிமீற்றர், அகலம் 25, காம்பு 52. குலுக்கிப் பார்த்தால் சத்தம் இல்லை, ஆனால் கையில் பாரம் தெரிந்தது. உள்ளே இருப்பது காய்ந்து செத்திருந்தால் கிலுகிலுக்கும். அப்போ உயிரோடுதான் இருக்கிறது.

நான் உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பித்தவன். இருந்தாலும் முதலில் வாயில் வந்தது பிழையான பதில். "இது நிலா விட்டிலின்ர கூடாக இருக்கும், அண்ணை" என்று சொல்லிவிட்டேன். பச்சை நிறம், நீண்ட வால், அழகான விட்டில், எல்லாருக்கும் தெரிந்தது. படத்தை அனுப்பியதும் பழைய மாணவர்கள் இன்னும் பெரிதாகப் போனார்கள். அட்லஸ் விட்டில் என்றார்கள். தொலைபேசியில் அடிக்கடி சுற்றி வருகிற படம் அது. பெயர் தெரிந்த பூச்சிதான் முதலில் கண்ணில் படும்.

சுவாரசியம் கூட்டில் இருந்தாலும், சிக்கல் அது வந்த வழியில் இருந்தது. யாழ்ப்பாணத்துக்கு வெளியே இருப்பவர்களுக்குக் குழை என்றால் விளங்காமல் போகலாம். எங்கள் செம்மண்ணில் புகையிலை, மரவள்ளி, மிளகாய் வைக்க முன்னர் பச்சை இலைக் கொப்புகளை வெட்டி மண்ணுக்குள் தாழ்ப்பார்கள். அதுதான் குழை. ஊரில் பூவரசும் பாவட்டையும் போதாத காலத்தில் வன்னிப் பக்கத்திலிருந்து லொறியில் காட்டுக்குழை வரும். பல மரத்துக் கொப்பும் கலந்த கட்டு. இந்தக் கூடு அப்படி வந்த ஒரு கட்டுக்குள் இருந்தது. ஆகவே கேள்வி இரண்டு. இது எந்த இனம்? இது யாழ்ப்பாணத்தில் இருக்கிறதா, அல்லது குடாநாட்டின் வாசலான ஆனையிறவைத் தாண்டி லொறியில் வந்த விருந்தாளியா?

கூட்டை வாசித்தல்

பட்டுப்பூச்சி என்று நாம் பொதுவாகச் சொல்வது இரண்டு வேறு குடும்பங்களை. முசுக்கொட்டை இலை தின்கிற பட்டுப்பூச்சி பொம்பிசிடே குடும்பம். மனிதன் பல்லாயிரம் ஆண்டுகள் வளர்த்து வளர்த்து, பறக்கவும் முடியாத பிராணியாக்கிவிட்டான். அதற்குக் காடும் இல்லை, காட்டில் பரம்பலும் இல்லை. காட்டுப் பட்டுவிட்டில்கள் சற்றேர்னிடே குடும்பம். இலங்கையில் இந்தக் குடும்பத்தில் இருப்பவை மிகக் குறைவு. அவற்றை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தேன்.

நிலா விட்டில், அதாவது ஆக்டியஸ், இலைகளுக்கிடையில் மெல்லிய மண்ணிறக் கூட்டைக் கோணல்மாணலாகப் பின்னும். காம்பு கிடையாது. எங்கள் கூடு அதுவல்ல. நான் சொன்ன முதல் பதில் அந்த நிமிடமே விழுந்தது.

அட்லஸ் வகையான அட்டக்கஸ் கொஞ்சம் ஏமாற்றும். அதுவும் இலைக்காம்பு வழியே நூலை ஓட்டிக் கொப்போடு கட்டித்தான் தொங்கும். ஆனால் அதன் கூடு பெரிது, காகிதப் பை மாதிரி, இலையால் போர்த்தியது, மேல் முனையில் வெளியே வர ஒரு வாசல் திறந்தே இருக்கும். எங்கள் கூட்டில் வாசலே இல்லை, முழுதாக மூடிய கோது. கிரிக்குலா என்ற சிறிய வகை பொன்னிறத்தில் வலை மாதிரிப் பின்னும், உள்ளே இருப்பது தெரியும். அதுவும் இல்லை.

சற்றேர்னிடேக்கு வெளியே ஒரு சந்தேகம் இருந்தது. கொய்யாவிலும் மாதுளையிலும் வருகிற, பச்சை விட்டிலாகும் மயிர்ப்புழு திரபாலா. அதன் கூட்டைத் தொட்டால் கை கடிக்கும். அண்ணை அதைக் கையில் பொத்திக்கொண்டு கால் கிலோமீற்றர் நடந்து வந்து சொறியாமல் நின்றார். பரிசோதனை முடிந்தது.

மிஞ்சியது அந்தீரியா. வாசலில்லாத கடினமான முட்டை வடிவக் கோது, நீண்ட காம்பு, நுனியில் கொப்பைச் சுற்றிய வளையம். இது இந்தியாவில் டசர் பட்டு தருகிற பூச்சியின் கையெழுத்து. இந்தப் புழு கூடு கட்ட முன்னர் முதலில் மோதிரத்தைத்தான் செய்யும். கொப்பைச் சுற்றி நூலை இழைத்து இறுக்கி, அதிலிருந்து காம்பை இறக்கி, பிறகுதான் தன்னைச் சுற்றிப் பின்னத் தொடங்கும். இலை உதிர்ந்தாலும் கூடு விழாது. கோதில் கல்சியம் ஒட்சலேற்றுப் பளிங்குகளும் கலந்திருக்கும், அதனால்தான் அந்தக் கல் மாதிரியான உறுதி.

சுள்ளியில் இருந்த இலைகளும் ஒரு வார்த்தை சொல்லின. இலையின் அடியில், காம்பு சேரும் இடத்தில், இரண்டு சிறு சுரப்பிப் பொட்டுகள். அது மருது. டசர் புழுவுக்கு மருது இனங்கள் முதல் சாப்பாடு. இலந்தையும் தின்னும், நாவலும் தின்னும்.

இந்த இடத்தில் கதையை விட்டுக் கொஞ்சம் விலகுகிறேன். மருதனார்மடம், மருதங்கேணி, மானிப்பாய் மருதடிப் பிள்ளையார், நாவற்குழி. எங்கள் குடாநாட்டு இடப்பெயர்களைச் சும்மா அடுக்கினாலே இந்தப் புழுவின் சாப்பாட்டுப் பட்டியல் வந்துவிடும். பெயர் இருக்கிற எல்லா இடத்திலும் மரம் இப்போது இல்லை என்பது வேறு விஷயம். ஆனால் "யாழ்ப்பாணத்தில் இதுக்குத் தின்ன என்ன இருக்கு" என்று கேட்ட ஒரு நண்பருக்கு நான் பஸ் வழித்தடத்தைத்தான் காட்டினேன்.

வந்தவள்

கூட்டை நுளம்பு வலையால் தைத்த ஒரு கூண்டுக்குள், சுள்ளியோடு சேர்த்துத் தொங்கவிட்டேன். இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் தெளித்தேன். கூண்டின் காலில் எறும்பு ஏறாமல் எண்ணெய்க் கிண்ணம் வைத்தேன். டசர் கூட்டுப்புழு பல மாதம் உறங்கக்கூடியது, மழையும் ஈரமும் வந்தால் எழும். கார்த்திகை முதல் கிழமை நல்ல மழை. நான்காம் நாள் பின்னேரம் கூட்டின் காம்புப் பக்க முனை நனைந்து கறுத்தது. மெல்லச் சுரண்டுகிற சத்தம் கேட்டது.

இந்த நனைவு முக்கியம், பின்னால் தேவைப்படும். வாசலில்லாத கூட்டுக்குள் இருந்து விட்டில் எப்படி வரும்? அதற்குப் பல்லில்லை, வெட்ட முடியாது. கொக்கூனேஸ் என்ற நொதியத்தைக் கொண்ட திரவத்தை வாயிலிருந்து விட்டு, நூல்களை ஒட்டியிருக்கும் பசையைக் கரைக்கும். நூல் அறுவதில்லை, விலகும். அந்த இடைவெளியால் தலையை நுழைத்து வரும். ஆகவே விட்டில் போன கூட்டின் வாசல் கறை படிந்து, நூல் விலகி, சிலும்பலாக இருக்கும்.

இருட்டுகிற நேரம் அவள் வெளியே வந்தாள். பெண். உணர்கொம்பு ஒடுக்கமாக இருந்தது, ஆணுக்கு அது அகன்ற இறகு மாதிரி. சுருங்கிய சிறகுகளோடு வலையில் ஏறித் தொங்கினாள், ஒரு மணித்தியாலத்துக்குள் சிறகு முழுதாக விரிந்தது. முனைக்கு முனை 148 மில்லிமீற்றர். மங்கிய மஞ்சள் நிறம், முன்சிறகின் மேல் ஓரத்தில் சாம்பல் பட்டி, நான்கு சிறகிலும் ஒவ்வொரு கண்புள்ளி. கண்புள்ளியின் நடுவில் செதிலே இல்லை, கண்ணாடி யன்னல் மாதிரி. பின்னால் டோர்ச் பிடித்தால் ஒளி ஊடுருவி வந்தது. வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்த பக்கத்து வீட்டு ஆச்சி, "ஐயோ பிள்ளை, இது நாலு கண்ணால பாக்குது" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். பறவைகளுக்கும் அதே எண்ணம் வரட்டும் என்பதுதான் அந்தக் கண்புள்ளிகளின் வேலை.

நிறையுடலிக்கு வாய் வேலை செய்யாது. பாடப்புத்தகத்துச் சொல்லைச் சொன்னதற்கு மன்னிக்கவும், முழு வளர்ச்சி அடைந்த விட்டிலைத்தான் சொல்கிறேன். புழுவாக இருந்தபோது தின்றதை வைத்தே ஒரு கிழமை அளவில் வாழ்ந்து, சேர்ந்து, முட்டையிட்டு முடிக்க வேண்டும். இவளுக்கு எட்டு நாள் கிடைத்தது.

இரண்டு தேவிகள், ஒரு தீவு

அந்தீரியா என்பது பேரினம், எங்கள் பாடப்புத்தகத்து வார்த்தையில் 'சாதி'. அதில் எனக்குச் சந்தேகமில்லை. அதற்குக் கீழே போகும்போதுதான் வழுக்கத் தொடங்குகிறது.

சுவீடன் நாட்டு இயற்கையியலாளர் லின்னேயஸ் 1758 இல் இந்த வகைப் பூச்சிக்குப் பாஃபியா என்று ஒரு பெயர் வைத்தார். 1773 இல் டுரூரி என்ற ஆங்கிலேயர் மைலிட்டா என்று இன்னொன்று வைத்தார். அந்தீரியா என்ற பேரினப் பெயர் ஹூப்னர் 1819 அளவில் கொடுத்தது. 1880களின் தொடக்கத்தில் பிரெடெரிக் மூர், இலங்கையின் வண்ணத்துப்பூச்சிகளையும் விட்டில்களையும் மூன்று தொகுதிகளில் எழுதியபோது, இலங்கைப் பூச்சிக்குச் சிங்களேசா என்று தனிப்பெயர் வைத்தார். இதற்கிடையில் ரொக்ஸ்பரோ என்ற தாவரவியலாளர், 1800களின் தொடக்கத்தில், வங்காளத்து டசர் புழு இலந்தையிலும் மருது இனத்திலும் வளர்வதை விவரித்து, அதைப் பாஃபியா என்றே எழுதினார். பிறகு வந்தவர்களில் ஒரு சாரார் மத்திய இந்தியாவின் பெரிய டசரை மைலிட்டா என்றும், தென்னிந்தியாவிலும் இலங்கையிலும் உள்ள சிறியதைப் பாஃபியா என்றும் பிரித்தார்கள். இன்னொரு சாரார் எல்லாம் ஒன்றுதான் என்றார்கள்.

ஒன்றுதான் என்றால் எந்தப் பெயர் நிற்கும்? விலங்குகளுக்குப் பெயரிடும் விதிப்படி முந்தியது வெல்லும், 1758 ஆம் ஆண்டுப் பாஃபியாதான். வேறு வேறு என்றால், லின்னேயஸ் எழுதிய அந்த இரண்டொரு வரிகள் உண்மையில் எந்தப் பூச்சியைக் குறிக்கின்றன என்று முதலில் தீர்க்க வேண்டும். அந்த வழக்கு இருநூறு வருடத்துக்கு மேலாக நடக்கிறது. எங்கள் ஊரில் காணி எல்லை வழக்கும் கிட்டத்தட்ட இப்படித்தான், உறுதி இருக்கும், எல்லைக்கல் இருக்காது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த ஒரு விஷயம். பாஃபியா என்றால் சைப்பிரஸ் தீவின் பாஃபோஸ் நகரத்துத் தேவி, கிரேக்கரின் காதல் தெய்வமான அஃப்ரொடைற்றி. மைலிட்டா என்பது அதே தேவிக்கு அசீரியர் இட்ட பெயர் என்று பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரொடோட்டஸ் எழுதி வைத்திருக்கிறார். ஊருக்கொரு பெயரில் ஒரே அம்மனைக் கும்பிடுகிற எங்களுக்கு இது புதினமில்லை. பெயர் வைத்த இரண்டு பேரும் ஒரே ஆளைக் கும்பிட்டுவிட்டுப் போனார்கள், பின்னால் வந்தவர்கள் இரண்டு கோயிலா ஒரு கோயிலா என்று சண்டை பிடிக்கிறார்கள்.

எந்தச் சான்று இதைத் தீர்க்கும்? இந்தப் பேரினத்துக்குள் நிறமூர்த்த (குரோமோசோம்) எண்ணிக்கையே பாய்ந்து பாய்ந்து மாறும். மைலிட்டாவுக்கு 31 சோடி, அசாமின் முகாப் பட்டுப்பூச்சிக்கு 15, சீனத்துப் பெர்னிக்கு 49. முகாவைத் தனி உபபேரினத்தில் வைப்பவர்களும் இருக்கிறார்கள். தூரத்து உறவுகளைப் பிரிக்க இது உதவும். எங்கள் சண்டை நெருங்கிய உறவுகளுக்குள் நடப்பது, அங்கே இது போதாது. ஆணின் பிறப்புறுப்பு அமைப்பையும், டீஎன்ஏயையும், பல இடத்து மாதிரிகளையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். அளவையும் நிறத்தையும் நம்ப முடியாது. இந்திய டசரில் மட்டும் டாபா, சுகிந்தா, ரெய்லி, மோடல் என்று நாற்பதுக்கும் மேற்பட்ட சூழல் வகைகளைப் பெயரிட்டிருக்கிறார்கள். மரம், மழை, உயரம் மாறினால் கூட்டின் பருமனும் நிறமும் மாறும், வருடத்துக்கு எத்தனை தலைமுறை என்பதும் மாறும். 148 மில்லிமீற்றர் என்பதை வைத்து "இது சிறியது, ஆகவே பாஃபியா" என்று எழுதினால், ஒரு நேர உணவை வைத்துச் சாதகம் எழுதுகிற மாதிரி.

"இலங்கையில் கிடைத்ததால் சிங்களேசா" என்று எழுதிவிடலாமா? ஒரு நண்பர் அப்படித்தான் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. காங்கேசன்துறையில் இருந்து கோடிக்கரை அறுபது கிலோமீற்றருக்குள். கண்டி அதைப்போல ஐந்து மடங்கு தூரம். பாக்குக்குடாவின் பெரும்பகுதி 15 மீற்றர்கூட ஆழமில்லை. சுமார் 20,000 வருடத்துக்கு முன்னர், பனியுக உச்சத்தில், கடல்மட்டம் இப்போதையதைவிட 120 மீற்றர் அளவு தாழ்ந்திருந்தது. அப்போது இங்கிருந்து அங்கே நடந்து போகலாம், புழுவும் மருதமரத்துக்கு மரம் போகலாம். கடலை எல்லையாகப் போட்டது நாங்கள். அட்லஸ் கூட்டத்தில் இதற்கு நல்ல உதாரணம் இருக்கிறது. அட்டக்கஸ் டப்ரோபானிஸ் என்ற பெயரும் மூர் வைத்ததுதான், தப்ரோபனே என்ற பழைய கிரேக்கப் பெயரால் முழுக்க இலங்கையைச் சுட்டுகிற பெயர். கனகாலம் அதை அட்லஸின் உபஇனம் என்றே வைத்திருந்தார்கள். 1989 இல் பைக்ளர் அந்தப் பேரினத்தை முழுதாகத் திருத்தி எழுதியபோது தனி இனமாக நின்றது. ஆனால் அதன் பரம்பல் இலங்கை மட்டுமல்ல, தென்னிந்தியாவும் சேர்ந்தது. அந்த இனத்துக்குப் பாக்குநீரிணை எல்லையே இல்லை, எல்லை அதற்கும் வடக்கே எங்கோ போகிறது. பெயரில் தீவு இருப்பது ஒன்றையும் நிரூபிக்காது.

ஆகவே என் குறிப்புப் புத்தகத்தில் நான் எழுதியது: அந்தீரியா, பாஃபியா கூட்டம் (இந்த நெருங்கிய உறவுகளில் ஏதோ ஒன்று), பெண். அவ்வளவுதான்.

ஆண் வரவில்லை

பரம்பலைச் சோதிக்க அவளிடமே ஒரு வழி இருந்தது. சேராத பெண், இரவில் வயிற்று நுனியை நீட்டி ஒரு வாசனையைக் காற்றில் விடுவாள். எங்களுக்கு அது மணக்காது. ஆண் தன் இறகுக் கொம்பால் அதைத் தொலைவிலிருந்தே பிடித்து, காற்றுக்கு எதிராகப் பறந்து வருவான். அந்த இனம் ஊரில் இருந்தால் கூண்டைச் சுற்றி ஆண் வரவேண்டும். வலை வீசாமலே ஊரைக் கேட்கிற முறை இது.

மூன்று இரவு கூண்டை மாமரத்துக் கொப்பில் கட்டினேன். வாசல் விளக்கை அணைத்தேன், ஏனென்றால் விளக்கு எல்லாப் பூச்சியையும் இழுத்துக் குழப்பும். நானும் அண்ணையும் பாயைப் போட்டு விறாந்தையில் இருந்தோம். அண்ணை அவருடைய மாப்பிள்ளை பார்த்த கதையையெல்லாம் சொன்னார். "இவளுக்கும் சம்பந்தம் அமையுதோ பாப்பம்" என்று முதல் நாள் சிரித்தவர், மூன்றாம் நாள் விடியப்புறம் குறட்டை விட்டார். ஒரு ஆணும் வரவில்லை.

அப்போ யாழ்ப்பாணத்தில் இல்லை என்று முடிவு கட்டலாமா? இரண்டாம் நாள் காலையில் அந்த முடிவுக்குக் கிட்டத்தட்ட வந்துவிட்டேன். அப்புறம்தான் காற்றைப் பற்றி யோசித்தேன். கார்த்திகையில் வீசுவது வாடை, வடகிழக்கிலிருந்து. அவளுடைய வாசனை போனது தென்மேற்கே: நீர்வேலி, கோப்பாய். நீர்வேலி வாழைத் தோட்டம், அதற்கப்பால் மரக்கறி, வீடுகள், மதில்கள். நான் கேட்ட கேள்வி உண்மையில் "யாழ்ப்பாணத்தில் இருக்கிறாயா" என்பது அல்ல, "அந்த மூன்று இரவு நீர்வேலி வாழைத் தோட்டத்தில் இருக்கிறாயா" என்பது. அதுவும் இரண்டு இரவு மழை. வராத மாப்பிள்ளையை வைத்து ஊரில் ஆண்பிள்ளையே இல்லை என்று எழுத முடியாது.

ஐந்தாம் நாளிலிருந்து கருக்கட்டாத முட்டைகளை வலையில் ஒட்டினாள். அவை பொரிக்காது. எட்டாம் நாள் செத்தாள். ஒரு காலைச் சுத்த எதனோலில் போட்டு வைத்தேன், உடலை ஊசியில் குத்திக் காய வைத்தேன். கூண்டுக்கு எண்ணெய்க் கிண்ணம் வைத்த நான் காய வைத்த பலகைக்கு வைக்க மறந்துவிட்டேன். ஒரே இரவில் எறும்பு வயிற்றை முழுதாகத் தின்றுவிட்டது. சிறகும் காலும் மிச்சம். வேறு யாரையும் குறை சொல்ல இல்லை, பிழை என்னுடையது.

வரணிக் கூடு

அந்த நிலையில் புத்தூர்ப் பதிவுக்குப் பெறுமதி அரைவாசிதான். பூச்சி எது என்பது பேரினம் வரை தெரியும். கொப்பு வன்னி லொறியில் வந்தது. பரம்பல் வரைபடத்தில் இதை வைத்தால், லொறியின் பரம்பலைத்தான் வரைகிறேன்.

மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்தேன். மாசியில் இலந்தைப்பழம் பொறுக்கப் போகும் பெடியள், பழத்தை விட்டுக் கொஞ்சம் கொப்பையும் பாருங்கோ, காம்போடு தொங்குகிற முட்டை கண்டால் பிய்க்க வேண்டாம், படம் எடுங்கோ. பனங்கொட்டை, அணில் கூடு, குளவிக் கூடு, ஒருமுறை பழைய கிரிக்கெட் பந்து என்று பல படம் வந்தது. பங்குனி தொடக்கத்தில் வரணிப் பக்கமிருந்து ஒரு படம். அடுத்த நாளே சைக்கிளை பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு போனேன்.

வெளியின் ஓரத்தில் ஒரு பற்றை இலந்தை, ஆளுயரத்துக்கு மேல். முள்ளுக்குள் கையை விட முடியாத இடத்தில் கூடு தொங்கியது. பழையது, வெயிலில் வெளுத்தது, 37 மில்லிமீற்றர். காம்பு, மோதிரம், எல்லாம் அதேதான். ஆனால் இந்த மோதிரத்தில் ஒரு வித்தியாசம் இருந்தது. கொப்பு உயிருள்ள கொப்பு. மோதிரம் கட்டிய பிறகு கொப்பு பருத்திருந்தது. வளையத்துக்கு மேலும் கீழும் பட்டை பிதுங்கி, நடுவில் வளையம் பட்டைக்குள் புதைந்திருந்தது. பழைய மோதிரம் கொழுத்த விரலில் இறுகுகிற மாதிரி.

இதை எந்த லொறியும் கொண்டுவர முடியாது. யாரும் கொண்டுவந்து தொங்கவிடவும் முடியாது. புழு இந்தக் கொப்பில், கொப்பு மெல்லியதாக இருந்தபோது, நின்று கட்டியது. நாலைந்து கிழமை இலந்தை இலை தின்று வளர்ந்திருக்க வேண்டும். தின்ன வேண்டுமென்றால் முட்டை இந்தப் பற்றையிலோ பக்கத்துப் பற்றையிலோ இடப்பட்டிருக்க வேண்டும். முட்டை வயிற்றோடு உள்ள பெண், ஒரு கிழமை ஆயுளில், வாய் இல்லாமல், கடலைத் தாண்டி வந்து முட்டையிட்டாள் என்று எடுப்பதைவிட, அவள் கிட்டத்தில் பிறந்தவள் என்று எடுப்பதே நியாயம்.

அப்புறம் ஓட்டை. கூட்டின் மேல்பக்கத்தில் ஒரு துளை இருந்தது. அது வட்டமாக, துப்புரவாக, நாலு மில்லிமீற்றர் அளவில், துளைப்பானால் துளைத்தது போல இருந்தது. கறை இல்லை, நூல் சிலும்பவில்லை. புத்தூரில் நான் கண்ட நனைந்த வாசலுக்கு நேர்மாறு. இதனால் வந்தது விட்டில் அல்ல, அதைத் தின்று வளர்ந்த ஒரு குளவி. டசர் வளர்ப்பவர்கள் மஞ்சள் ஈ என்று சொல்கிற சாந்தோபிம்ப்லா இப்படித்தான் செய்யும். பெயர்தான் ஈ, ஆள் குளவி. புதிதாகக் கட்டிய கூட்டின் சுவர் வழியே ஊசியை இறக்கிக் கூட்டுப்புழுவுக்குள் ஒரு முட்டை வைக்கும். பிறகு மகள் பல்லால் வெட்டி வெளியே வருவாள். கூட்டைத் திறந்து பார்த்தேன், கூட்டுப்புழுவின் கோது வெறுமையாக, தலைப் பக்கம் துளையோடு கிடந்தது. அடியில் புழு கடைசியாகக் கழற்றிய தோல் சுருண்டு இருந்தது.

எனக்கு முதலில் ஏமாற்றம். விட்டில் ஆகாமலே போன ஒன்று. வரும் வழியில் கொடிகாமம் சந்தியில் பிளேன்ரீ குடிக்கும்போதுதான் இது எவ்வளவு நல்ல சான்று என்று உறைத்தது. பறந்து வந்த ஒரு விட்டிலைக் கண்டிருந்தால் அது வழிதவறியது என்று சொல்ல இடமிருக்கும். சாகும்வரை ஒரே இடத்தில் இருந்த கூட்டுப்புழுவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. புத்தூரில் உயிரோடு வந்து எட்டு நாள் இருந்தவளைவிட, வரணியில் பிறக்காமலே செத்தது பரம்பலைப் பற்றி அதிகம் சொல்கிறது.

குறிப்பில் எழுதியது

வரைபடத்தில் புத்தூருக்கு வெற்று வட்டம் போட்டேன், பக்கத்தில் "குழை, வன்னி" என்று எழுதினேன். வரணிக்கு நிரப்பிய வட்டம், "இலந்தை, இனப்பெருக்கம், பழைய கூடு". இரண்டுக்கும் பெயர் ஒன்றுதான், பாஃபியா கூட்டம். வரணிக் கூட்டுக்கு அதையும் பென்சிலால்தான் எழுதினேன், ஏனென்றால் அதன் விட்டிலை யாரும் காணவில்லை, மோதிரமும் கோதும் மட்டுமே சாட்சி.

தீர்க்கக்கூடிய சான்று இரண்டு குப்பியில் இருக்கிறது. ஒன்றில் புத்தூர்ப் பெண்ணின் கால், மற்றதில் வரணிப் புழுவின் தோல். கழற்றிய தோலிலிருந்தும் டீஎன்ஏ எடுக்கலாம். இனங்களை அடையாளம் காணப் பயன்படுத்துகிற, பார்கோட் என்று சொல்கிற அந்தச் சிறு டீஎன்ஏ துண்டு, சுமார் 650 எழுத்து, கிடைத்தால் முதலாவது கேள்விக்கு விடை வரும்: இரண்டும் ஒரே பூச்சியா? அது மட்டும் பெயரைத் தீர்த்துவிடாது. கோடிக்கரைப் பக்கத்துக் கூடு ஒன்றும், தெற்கு இலங்கைக் கூடு ஒன்றும், மத்திய இந்தியக் கூடு ஒன்றும் பக்கத்தில் வேண்டும். வெளிநாட்டுக்கு அனுப்புவதென்றால் 1937 ஆம் ஆண்டு தாவர விலங்குப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அனுமதி வேண்டும். தபால் உறைக்குள் போட்டு அனுப்பிவிடச் சொன்ன நண்பருக்கு அதைத்தான் சொன்னேன். படிவம் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். குப்பிகள் அதுவரை குளிர்சாதனப் பெட்டியில், வடகத்துக்குப் பக்கத்தில் இருக்கின்றன. வீட்டுக்காரிக்கு அதில் சந்தோஷமில்லை.

வரணி இலந்தைக்கு இந்த ஆவணியில் திரும்பப் போனேன். பற்றையின் பாதியை யாரோ கம்பி வேலி போடுவதற்கு வெட்டியிருந்தார்கள். மோதிரம் இருந்த கொப்பு இருக்கிற பாதியில் இருந்தது, தளிர் விட்டிருந்தது. புழு இல்லை, இலையில் புழு தின்ற அடையாளம் நிறைய, ஆனால் அது எந்தப் புழுவாகவும் இருக்கலாம்.

ஐப்பசியில் குழை லொறி வந்தது. அண்ணை இந்த முறை கட்டை அவிழ்க்க முன்னமே கூப்பிட்டார். பன்னிரண்டு கட்டு, இரண்டு பேரும் கொப்புக் கொப்பாகப் பார்த்தோம். பத்தாவது கட்டில் ஒரு காம்பு தொங்கியது, நுனியில் மோதிரம், கூடு இல்லை. வரும் வழியில் எங்கோ அறுந்திருக்கிறது. அண்ணை லொறிக்காரத் தம்பியிடம், "எந்த இடத்தில வெட்டினீங்கள்?" என்று கேட்டார். அவன் ஒரு முறை என்னைப் பார்த்தான், ஒரு முறை அந்தக் காம்பைப் பார்த்தான். "ஏன் ஐயா, காசு கூட்டித் தருவீங்களோ?"